துவராற்றின் அடியில் இருந்த பெயர்கள்

பட்டவிளையைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற துவராறு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் மரப்பாலத்தைக் கடந்து போனதற்கும் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்ததற்கும் நடுவிலே, தன் நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டது. அதுவரைக்கும் அது நிறமுள்ள ஆறாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் அள்ளினால் தேன் நிறம், முழங்கால் ஆழத்தில் செம்பு நிறம், இடுப்பு ஆழத்துக்குப் போனால் பால் விடாத கருப்பட்டிக் காப்பி நிறம்; அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை, பார்க்க முடியாது என்பதுதான் அந்த ஆற்றில் இருந்த சௌகரியம். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பட்டவிளைக்காரர்களைக் கசாயத்து ஊர்க்காரர்கள் என்றார்கள், அங்கே பெண் கொடுத்தால் பிறக்கிற பிள்ளையின் தொட்டில் துணிகூட வெளுக்காது என்றார்கள். பட்டவிளைக்காரர்களும் வெள்ளை வேட்டியை ஆற்றில் அலசாமல் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், வெளியூர்க் கல்யாணத்தில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் கடற்கரைப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார்கள்.

நிறம் போனதை முதலில் பார்த்தவன் ஜெயகனி. வீசுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் போன வேகத்தில் திரும்பி வந்து, நனையாத வலையை வாசலில் போட்டுவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். உள்ளே அவன் பெண்டாட்டி சொர்ணக்கிளி, பத்து மாதப் பிள்ளை முத்தரசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கான கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஆத்துல அடி தெரியுது."

"என்ன தெரியுது?"

"அடிதான். மணலு, கல்லு, எல்லாம். கண்ணாடிப் பெட்டியில மீன் விட்டிருப்பாங்கள்லா, அந்த மாதிரி இருக்கு. மீனைத்தான் காணும்."

கரண்டி நின்றது, கூழ் அடி பிடித்தது. ஆறு நிறம் மாறியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நேற்று இல்லாத பல் இன்றைக்குப் பிள்ளையின் ஈறில் முளைத்திருக்கிறது, நேற்று இருந்த நிறம் இன்றைக்கு ஆற்றில் இல்லை, உயிருள்ளதென்றால் ஏதாவது நடக்கத்தானே செய்யும். அவளுக்கு நெஞ்சில் இடித்தது ஒன்றே ஒன்றுதான். அடி தெரிகிறது என்றால், அதுவும் தெரியும்.

அந்தப் பக்கத்தில் ஒரு பாத்திரம் வீட்டுக்குள் வந்தால் பெயர் வெட்டாமல் அதை அடுப்பில் ஏற்றமாட்டார்கள். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக, யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதி என்று குடத்தின் வயிற்றிலும் சட்டியின் விளிம்பிலும் எழுதிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த பெண் முதல் ஒரு வருஷம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கும்போது வெட்டின எழுத்து வெளியே பார்த்திருக்கும்படி வைக்கவேண்டும், இன்னார் மகள் வருகிறாள் என்று தெருவே வாசித்துக்கொள்ளும். இதெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பாத்திரத்துக்கு. வைத்துக்கொள்ளவும் முடியாத, பெயர் இருப்பதால் பழைய சாமான்காரனிடம் போடவும் முடியாத பாத்திரம் எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்குமே, அதற்குத்தான் துவராறு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஊரிலேயே தான் ஒருத்தர்தான் இப்படிச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு, முக்கிவிட்டு வந்து, நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

சொர்ணக்கிளி முக்கியது ஒரு குடம், ஒரு அண்டா, ஒரு வாளி. மூன்றும் அலுமினியம்.

அவள் அப்பா திரவியம், டவுன் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர். ஊரார் வீட்டுப் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் முப்பது வருஷமாகப் பெயர் வெட்டினவர், தன் மகள் கல்யாணத்துக்கு அலுமினியம்தான் எடுக்க முடிந்தது. அதனால் எழுத்தையாவது பெரிதாகப் போடுவோம் என்று குடத்தைச் சுற்றி இரண்டு வரி ஓடவிட்டு, வரிக்கு மேலே இரண்டு கிளியும் வெட்டிக் கொடுத்தார். கல்யாணத்து மறுநாள் சீர்ப் பாத்திரங்களை முற்றத்தில் பரப்பியபோது, ஜெயகனியின் அண்ணன் பெண்டாட்டி ரத்தினசீலி, தான் கொண்டுவந்த பித்தளை அண்டாவைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து வைத்து, இரண்டிலும் கரண்டியால் தட்டிக் காட்டினாள். அவளுடையது கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. இவளுடையது தகர டப்பா மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சொர்ணக்கிளியும் சேர்ந்து சிரித்தாள், எல்லாரையும்விடக் கூடுதலாகவே சிரித்தாள். மூன்றாம் நாள் விடிகாலை பாத்திரம் விளக்கப் போகிற மாதிரி போய் மூன்றிலும் மணலை நிறைத்து, பாலத்தின் மூன்றாவது கால் பக்கத்தில் முக்கிவிட்டு வந்தாள். வீட்டில் கேட்டார்கள். யோசிக்க நேரமில்லாமல் வாய் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

"அப்பாதான் எடுத்துட்டுப் போயிட்டாவ. வேற வாங்கித் தாறேன்னு."

வேறு வரவில்லை. மூன்று வருஷமாக அந்த வீட்டில் திரவியம் கொடுத்த சீரைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போன மனுஷன். வளைகாப்புக்கு வந்தார், பிள்ளை பிறந்ததற்கு வந்தார். இரண்டு தடவையும் அவருக்குத் தண்ணீர் கொடுத்த செம்பை அவர் குடித்து முடிக்கும்வரை ரத்தினசீலி பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு போனாள். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனுஷன்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் காதுகுத்துக்கு வரப்போகிறார். பட்டவிளைக்கு வர மரப்பாலத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க ஊர் பாலத்தில்தான் நின்றது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வாசகசாலைக்கு அன்பளிப்பு என்று எழுதின சுவர்க்கடிகாரம், களவு போனதாகப் போலீசுக்கே எழுதிக் கொடுத்தது, பத்தே காலைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஊர்த்தலைவர் பால்துரை வாலிபத்தில் வாங்கி, எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த முதல் பரிசுக் கபடிக் கோப்பை, இரண்டாம் பரிசு என்று தெளிவாக எழுதிக்கொண்டு நின்றது. அப்புறம் ஒருவர் ஊர்ப்பொது என்று வெட்டின இட்லிக் கொப்பரை ஒன்றைக் காட்டினார், இன்னொருவர் இன்னொன்றைக் காட்டினார், எண்ணிப் பார்த்தால் ஏழு. கல்யாணத்துக்கு இரவல் வாங்கி, தீயை அதிகம் வைத்து, அடியைக் கருக்கி ஓட்டை போட்டு, கேட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று சொன்ன ஏழு வீடு. அதற்காக, ஊர்ப்பொதுப் பாத்திரங்களைக் காத்துவந்த பாத்திர அறைக்காரரைக் கள்ளன் என்று சொல்லி ஊர் வேலையைவிட்டு நீக்கியிருந்தது. ஏழு என்று எண்ணி முடித்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த மாதிரி, பாலத்தைவிட்டு இறங்கிப் போனார்கள். முதலில் இறங்கியது ரத்தினசீலி.

சொர்ணக்கிளி கடைசிவரை நின்றாள். மூன்றாவது காலடியில் மணல் மேடு தட்டியிருந்தது. மணலுக்கு மேலே ஒரு குடத்தின் வாய் விளிம்பு மட்டும், வெள்ளையாய், பிறை மாதிரி தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. ஆனால் நிறமில்லாத தண்ணீருக்குக் கனம் இல்லையோ என்னவோ, அது மணலைத் துளித்துளியாக அரித்துக்கொண்டு ஓடியது.

புதன்கிழமையிலிருந்து ஊர் அந்த ஆற்றோடு வாழப் பழகிவிட்டது. பாலத்தில் ஏறியதும் முகவாயைத் தூக்கித் தென்னை மண்டையைப் பார்த்தபடி நடப்பது வழக்கமாயிற்று. அப்படி நடந்த தபால்காரர் பலகை இடுக்கில் கால் மாட்டி விழுந்து, விழுந்த இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டே எழுந்தார். குளிக்கப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முங்கினார்கள். ஆற்றைப் பார்த்தால் கண்வலி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள், மறுநாளே நாலு பிள்ளைகளுக்கு நிஜமாகவே கண் சிவந்தது, நிழல் இல்லாத தண்ணீரில் வெயில் அடிவரை போய்த் திரும்பி வந்து அடித்தது. மடவை மீனும் விலாங்கும் மறைந்துகொள்ள இடமில்லாமல் மேலே சதுப்புக்காட்டுக்கே போய்விட்டன. ஆனால் ஊரில் ஒரு சண்டை கிடையாது. குழாயடியில் குரல் உயர்ந்தால், எதிரில் நிற்கிறவள் ஆற்றுப் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினால் போதும், குரல் இறங்கிவிடும். மாமியார்கள் மருமகள்களை வாங்க போங்க என்று பேசினார்கள். அப்படி ஒரு மரியாதையான வாரத்தைப் பட்டவிளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அப்படி ஒரு வாரம் இன்னொன்று வேண்டாம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பால்துரை ஊர்க்கூட்டம் போட்டார்; யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், ஆற்றுக்குச் சாயம் போடுவது என்று தீர்மானித்தார்கள். நூல்வலைக் காலத்தில் மற்ற கடற்கரைக்காரர்களெல்லாம் வலை இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்துக் காய்ச்சித் துவர் ஏற்றினார்கள்; பட்டவிளைக்காரர்கள் மட்டும் வலையை ஆற்றில் மூன்று நாள் ஊறப்போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆற்றுக்கே இப்போது பனிச்சங்காய் காய்ச்சி ஊற்றினார்கள், ஆவாரம்பட்டை ஊற்றினார்கள், இரண்டு மூட்டை டீத்தூளும் கொட்டினார்கள். ஆறு எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் பழையபடி கண்ணாடியாகி நின்றது.

அன்றைக்குக் குடத்தின் கழுத்துக்குக் கீழே இரண்டு கிளிகளும் 'எங்கள் செல்வ மகள்' என்ற எழுத்தும் மணலைவிட்டு வெளியே வந்திருந்தன.

நிறம் ஏன் போனது என்று ஊருக்குத் தெரியாது. சொர்ணக்கிளிக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கல்லூரியிலிருந்து நிறைமதி என்று ஒரு மேடம் ஸ்கூட்டரில் வந்தாள். ஆற்றை ஆராய்ச்சி பண்ணுகிறவள், சொர்ணக்கிளி வயதுதான் இருக்கும். பாலத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் இவள் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து, கடல் தண்ணீர் வற்றி இறங்குகிற விடிகாலையில் நடு ஆற்றில் அப்படியே மோந்து மூடி வையுங்கள் அக்கா, மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சும்மா போகாமல் ஆற்றின் கதையையும் சொன்னாள்.

"இது அழுக்கே இல்லக்கா. மேல சதுப்புக்காட்டுல இலையும் பட்டையும் நெத்தும் விழுந்து ஊறுது, நாம டீ போடுற மாதிரிதான். மத்த இடம்னா மண்ணுல உள்ள சுண்ணாம்பு அந்தச் சாயத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். உங்க தேரி மணல்ல பிடிக்க ஆளே கிடையாது, அதனால அப்படியே இறங்கி வந்துடுது. பாய்மரக் கப்பல் காலத்துல பக்கத்து ஆத்தையெல்லாம் விட்டுட்டு இங்க வந்துதான் பீப்பாய் நிரப்புவாங்களாம். மூணு மாசம் ஆனாலும் புழு வைக்காது. ஒரு மாலுமி நோட்டுல எழுதி வெச்சிருக்கான்."

சொர்ணக்கிளி பிள்ளைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கண் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில்தான் இருந்தது. அதில் பட்டவிளை என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. இந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு இந்தக் கசாயம் கல்லூரிக்குப் போய், நூறு பிள்ளைகள் வரிசையாக நின்று பார்க்குமே என்று நினைத்தாள். வந்தவர்களுக்கு இப்படியா தண்ணீர் கொடுப்பது? மறுநாள் விடிகாலை ஆற்றில் மோந்த தண்ணீரை ஒரு மண்பானையில் ஊற்றுவதற்கு முன்னால், பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை வைத்து மூன்று சுற்று நன்றாக உரசினாள். கலங்கல் தண்ணீர் தெளிய எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். மத்தியானத்துக்குள் சாயமெல்லாம் அடியில் உட்கார்ந்து, மேலே இளநீர் மாதிரி நின்ற தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். பானையை நாளைக்குக் கழுவலாம் என்று வீட்டுப் பின்பக்கத்து முருங்கை மூட்டில் தட்டால் மூடி வைத்தாள். கைப்பிள்ளைக்காரிக்கு அந்த நாளை வரவேயில்லை.

நிறம் போனதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அந்த அரசுக் கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது, பால்துரை அதைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினார். துவராறு, பட்டவிளை. நிறம்: இல்லை. அரசாங்கத் தாளில் ஒரு காரியம் எழுதி ஒட்டிவிட்டால் அதன்படி நடந்துகொள்வதுதானே முறை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு அதன்படி நடந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அவள் முருங்கை மூட்டுப் பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் உட்கார்ந்திருந்த இரண்டு கை வண்டல், பானை கொள்ளாமல் விளிம்புவரை ஏறி, மழை பெய்த காட்டு வாசனையோடு மினுமினுவென்று இருந்தது. மேல்மடையிலிருந்து கழிமுகம்வரைக்குமான ஆற்றின் நிறம் மொத்தமும் அவள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்தது. அவ்வளவும் இருந்தும் பானை கனக்கவில்லை, பிள்ளையைத் தூக்குகிற கனம்தான். கொண்டுபோய்க் கவிழ்த்தால் முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவேண்டாம், யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா போன் பண்ணினார்.

"கிளி, அந்தக் குடத்துல ஓட்டை கீட்டை விழுந்துட்டா தாயி? அலுமினியம்லா, மூணு வருசத்துல தேஞ்சிருக்கும். விழுந்திருந்தா சொல்லு, அடைக்க சாமான் கொண்டாறேன்."

"ஒண்ணும் விழலப்பா."

"அதுலதான தண்ணி எடுக்கே?"

"அதுலதாம்பா. தினமும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரத்தினசீலி காதுகுத்துக்குப் புளி கரைக்கிற சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா நிச்சயம் வாறாவளா?" என்றாள். "கேட்டு வச்சுக்கிட்டா நல்லது பாரு. சட்டி பானைய எல்லாம் எண்ணி வைக்கணும்லா."

சொர்ணக்கிளி வழக்கம்போலச் சிரித்தாள். சிரித்துவிட்டு, பின்பக்கம் போய், பானையின் தட்டை ஒருதரம் அழுத்தி மூடினாள்.

சனிக்கிழமை நிறைமதி மேடம் வந்துவிட்டாள். கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்த ஆறு பாட்டிலில் வெள்ளையாக வந்தது எப்படி என்று அவளுக்குத் தூக்கமே இல்லையாம். இப்போது ஆறும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கரையில் குந்தி, ஒரு டம்ளரில் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, கேட்கிறவர்களிடமெல்லாம் எப்போதிலிருந்து, எப்போதிலிருந்து என்று கேட்டாள். யாரும் ஆற்றைப் பார்க்காமலே அவளுக்குப் பதில் சொன்னார்கள். உச்சி வெயில் ஏறி அவள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனதும், சொர்ணக்கிளி பிள்ளையை ரத்தினசீலியிடம் கொடுத்து, "துணி அலசிட்டு வாறேன்க்கா" என்று சொல்லி, பானையை இடுப்பில் ஏற்றினாள்.

மூன்றாவது காலடியில் மணலே இல்லை. குடம் கழுவி வைத்ததுபோலச் சாய்ந்து கிடந்தது. 'எங்கள் செல்வ மகள் சொர்ணக்கிளிக்கு அப்பா திரவியம் அன்புடன்.' மூன்று வருஷமும் அந்தத் துவர்த் தண்ணீரில் ஊறியதில், புள்ளி ஒவ்வொன்றிலும் சாயம் ஏறி, வெள்ளை உலோகத்தில் கருஞ்சிவப்பாக, மை தொட்டு எழுதினமாதிரி இருந்தது. அவள் தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்று, பானைத் தட்டை எடுத்து, பானையைச் சாய்க்கப் போனாள்.

மேலே பாலத்துப் பலகை கிறீச்சிட்டது. ஒரு இருமல். அவளுக்குத் தெரிந்த இருமல்.

சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று திரவியம் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார். தோளில் பை, கக்கத்தில் குடை. பட்டவிளையின் புதுப் பழக்கம் தெரியாத மனுஷன் என்பதால், பாலத்தைக் கடக்கிற எவரும் செய்வதைப்போலக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு, அடி அடியாக நகர்ந்தார்.

"இது நம்ம கை. இதும் நம்ம கைதான். பால்துரை, கபடி... ஆமா, இரண்டாம்னு கண்டிப்பா போடணுமா அண்ணாச்சின்னு மூணு தரம் கேட்டான். ஊர்ப்பொது... ஊர்ப்பொது... இதுவும் ஊர்ப்பொதா..."

மூன்றாவது காலுக்கு வந்ததும் பேச்சு நின்றது.

கையில் பானை சாய்ந்துதான் இருந்தது. ஒரு சாய்ப்பு போதும், அவர் கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே ஆறு கருப்பாகிவிடும், வயசாளிதானே, வெயிலில் கண் கூசியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் சாய்க்கவுமில்லை, நிமிர்த்தவுமில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் அவளைப் பார்த்தார்.

"கிளி, அங்கயா நிக்கே? கைநழுவிட்டோ தாயி? அலுமினியத்துக்கு எடை கிடையாதுல்லா. தண்ணி கொஞ்சம் வேகமா வந்தா இழுத்துட்டுப் போயிரும். உன்மேல தப்பு இல்ல."

அழுகிற பிள்ளைக்கு மிட்டாயை எடுத்து நீட்டுகிறமாதிரி அவரே ஒரு பொய்யை எடுத்து நீட்டினார். ஆமாப்பா என்பது அவள் பல்லுவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கரையில் முத்தரசி வீறிடுகிற சத்தம்.

"ஏட்டி கிளி, பசிக்குக் கத்துதா, என் காதைக் கடிக்கா! துணி அலசுதேன்னு..." என்று வந்த ரத்தினசீலி பாலத்தில் நிற்கிறவரைப் பார்த்து மேலே ஏறினாள். "வாங்க. வந்துட்டீயளா. அந்தப் பையக் குடுங்க, பத்திரமா வைக்கேன். எங்க வீட்டுல வச்சது வச்ச இடத்துல இருக்கும்."

திரவியம் ஒன்றும் புரியாமல், பையை அவளிடம் நீட்டிச் சிரித்தார். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்கிற அதே சிரிப்பு. சொர்ணக்கிளியால் அதற்குமேல் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"கைநழுவலப்பா," என்றாள். "நாந்தான் போட்டேன். மண்ண நிறைச்சு நாந்தான் முக்கினேன். எல்லாரும் சிரிச்சாவ, எனக்கு வெக்கமா போச்சு. வீட்டுல கேட்டதுக்கு, நீங்க திருப்பி எடுத்துட்டுப் போயிட்டீயன்னு சொல்லிட்டேன். மூணு வருசமா அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அக்கா அதனாலதான் உங்ககிட்ட அப்படிப் பேசுதாவ."

முத்தரசி கத்திக்கொண்டேதான் இருந்தாள். ரத்தினசீலியின் கையில் பை அப்படியே தொங்கியது. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கமிருந்து மேடமும் பால்துரையும் பிள்ளைச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து, திரும்பப் போட்டு, கீழே பார்த்தார்.

"எழுத்து நல்லாப் பதிஞ்சிருக்கு," என்றார். "அலுமினியத்துல நிக்காதுன்னு கடையில சொன்னாவ."

சொர்ணக்கிளிக்கு அப்படியே ஆற்றோடு போய்விடலாம் போல இருந்தது, ஆனால் தண்ணீர் தொடையளவுதான், அதுவும் அடிவரை தெரிகிற தண்ணீர்.

ரத்தினசீலிதான் முதலில் அசைந்தாள். பையைப் பலகையில் வைத்து, கத்துகிற பிள்ளையைத் திரவியத்தின் கையில் திணித்து, "பிடிங்க மாமா" என்று, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரை மாமா என்று கூப்பிட்டாள். பிறகு சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நேராக நடு ஆற்றுக்குப் போய், ஓட்டை விழுந்த ஒரு ஊர்ப்பொதுக் கொப்பரையின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்கு வாயப் பொளந்துட்டு நிக்கே? இந்தப் பக்கம் பிடி. என் தங்கச்சி கல்யாணத்துல கருகினது. இதுக்காக அந்தப் பாத்திர அறைக்காரர் பெண்டாட்டி ஒரு மாசம் வீட்டைவிட்டு வெளிய வரல."

சொர்ணக்கிளி பானையைக் கரையில் வைத்துவிட்டு மறுபக்கம் பிடித்தாள். அதைக் கரையேற்றிவிட்டு, குனிந்து தன் வாளியையும் அண்டாவையும் எடுத்துவிட்டு, கடைசியாகக் குடத்தையும் எடுத்தாள். மணலை நிறைத்தபோது எவ்வளவு கனமாக இருந்ததோ, அதில் பாதிகூட இல்லை. அப்புறம் பால்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் எல்லோரும் வந்தார்கள். சாயங்காலம்வரை கரை நெடுகப் புளியும் மணலும் போட்டுப் பாத்திரம் விளக்குகிற சத்தம்தான், பெரிய கல்யாணம் ஒன்று முடிந்த மறுநாளைப்போல. பாத்திர அறைக்காரர் வீட்டு வாசலில் ஏழு கொப்பரைகளையும் ஏழு வீட்டுக்காரர்கள் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு கதவைச் சாத்திக்கொண்டார், ஏழு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்கள்.

மேடத்திடம் சொர்ணக்கிளி தேத்தாங்கொட்டையைப் பற்றிச் சொன்னாள். மேடம் நோட்டைத் திறந்து, நிறம்: இல்லை என்பதைக் கோடு போட்டு அடித்தாள்.

"அப்போ எங்க எல்லார் மானத்தையும் கொட்டையை உரசி எடுத்தது நீதானாட்டி?" என்றாள் ரத்தினசீலி.

வெயில் தாழ்ந்து, கடல் தண்ணீர் இறங்கி, அடியில் மணலையும் கல்லையும் தவிர ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, சொர்ணக்கிளி நடு ஆற்றில் நின்று பானையைக் கவிழ்த்தாள். அவள் காலைச் சுற்றித் தேன் நிறமாக, பாலத்தடியில் செம்பாக, கழிமுகத்துக்குப் போவதற்குள் கருப்பாக நிறம் பரவியது. மேடம் இந்தத் தடவை பாட்டிலைத் தன் கையாலேயே மோந்துகொண்டாள். பதினைந்து நாள் கழித்து வந்த தாளில் நிறம்: கருஞ்செம்மை, காரணம்: இயற்கை என்று இருந்தது. ஆற்றுக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்தரசி, காலை பஸ்ஸில் வந்து சேர்ந்த தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கக் கத்தி இரண்டு காதும் குத்திக்கொண்டாள். பந்திக்கு அந்த அலுமினியக் குடத்தில்தான் தண்ணீர். ஒடுங்கியிருந்த இடத்தையெல்லாம் திரவியம் விடிகாலையில் உட்கார்ந்து தட்டி எடுத்திருந்தார். சாப்பாட்டில் மட்டும் பாதிக்குமேல் இலையில் வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். கிளம்பும்போது பேத்தியின் கன்னத்தைத் தட்டினார், ரத்தினசீலியிடம் சொல்லிக்கொண்டார், மகளிடம், "வெயிலா கிடக்கு, உள்ள போ," என்றார். அந்தக் குடத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறம் எந்தப் போனிலும் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று சொர்ணக்கிளிக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவளுக்கு இப்போது இரண்டாவது பிள்ளையும் பிறந்து தவழுகிறது. குடத்தில் ஏறின துவர்க்கறை எத்தனை புளி போட்டும் எழுத்தைவிட்டுப் போகவில்லை, தெருமுனையிலிருந்தே வாசிக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷமான பொம்பளை எழுத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் கேட்பார் கிடையாது. ஆனாலும் அவள் தினமும் தண்ணீர் எடுத்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றி, ஒருதரம் நின்று, இரண்டு கிளியும் அப்பா பெயரும் வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டு, தெருவின் நடுவே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறாள்.